இனம் சுட்டாத அடைமொழி

“மூத்த மகன் வந்திருக்கிறான்” என்று ஒருவர் கூறினால், அவருக்கு இளைய மகனும் உண்டு என்பதைக் கேளாமலே அறிந்துகொள்கிறோம். ‘மூத்த’ என்னும் சொல் மக்களைப் பகுத்து அவருள் ஒருவனைச் சுட்டுகிறது. அவரே “வயது முதிர்ந்த என் தாய் வீட்டில் தனியே இருக்கிறாள்” என்று கூறினால், ‘இளவயதுத் தாய் எங்கே இருக்கிறாள்?’ என்று எவரும் வினவுவதில்லை. இங்கு அடைமொழி எதனையும் பகுக்கவில்லை. கேட்போரின் இரக்கத்தை நாடுகிறது. இரண்டு தொடர்களிலும் சொல்லின் அமைப்பு ஒன்றே. ஆற்றும் தொழில்தான் வேறு.

இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கணிகள் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டு பெயரிட்டுள்ளனர். செந்தாமரை என்பது இனமுள்ள அடை. வெண்டாமரையும் உண்டாதலால் ‘செம்மை’ அதனை விலக்குகிறது. செஞ்ஞாயிறு என்பது இனமில்லா அடை. கருஞாயிறு என ஒன்று இல்லை. இத்தகைய இனம் சுட்டாத அடைகள் செய்யுளுக்கே உரியவை, மக்கள் வழக்கிற்கு உரியவை அல்ல என்பது தொல்காப்பியர் கொள்கை. நன்னூலாரோ இரு வழக்கிலும் அவை வரலாம் என்று இடம் தந்தார். செம்போத்து என்னும் பறவைப் பெயர் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. தொல்காப்பியர் காலத்து மக்கள் தம் தாயை ‘வயது முதிர்ந்த தாய்’ என்று சொல்லியிருக்கமாட்டார்கள் என்று என்னால் நம்ப இயலவில்லை. இலக்கணம் வகுத்தோர் பெயரிடும் வழக்கை நோக்கினர். நெஞ்சம் நெகிழ்ந்து பேசும் வழக்கை அந்த இடத்தில் நோக்கவில்லை என்றே கருதுகிறேன்.

அரபு இலக்கணத்தில் அடைமொழி ‘நஅத்’ அல்லது ‘ஸிஃபத்’ எனப்படும். அது தழுவும் பெயர் ‘மவ்ஸூஃப்’. தமிழில் அடை முன்னே நிற்கும். அரபியில் பின்னே நிற்கும். அவ்வாறு பின்னே நிற்பது வேற்றுமை, பால், எண், சுட்டு ஆகிய நான்கிலும் பொதுவாகத் தன் பெயரைப் பின்பற்றியே வரும். இதுவரை கூறியது நஹ்வு எனப்படும் சொற்றொடர் இலக்கணம். அடைமொழியை ஏன் சேர்க்கிறோம் என்று வினவுவது பலாகா எனப்படும் அணியியலின் வேலை.

அவ்வினாவிற்கு முறையான விடை தந்தவர்களில் ஸக்காக்கீ (மறைவு ஹி. 626 / கி.பி. 1229) முதன்மையானவர். அவருடைய ‘மிஃப்தாஹுல் உலூம்’ நூலின் மூன்றாம் பகுதியைச் சுருக்கிச் செப்பனிட்டவர் டமாஸ்கஸின் கதீப் கஸ்வீனீ (மறைவு ஹி. 739 / கி.பி. 1338). அந்தத் ‘தல்கீஸ்’ நூலுக்குத் தஃப்தாஸானீ எழுதிய ‘முக்தஸர்’ என்னும் உரை இன்றும் நம் அரபுக் கல்லூரிகள் பலவற்றில் பாடமாக உள்ளது. மாணவர்கள் அஞ்சும் நூல்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அடைமொழியைப் பற்றி அது கூறும் சில வரிகள் எளியவை. ஒரு பெயரின் இயல்பை விரித்துக் காட்ட அடைமொழி வரும். ‘உடம்பு’ என்று சொல்லி அது நீளமும் அகலமும் ஆழமும் உடையது என்று அடை சேர்ப்பது போல. பலருள் ஒருவரைப் பிரித்துக் காட்ட வரும். ஸைது என்ற பெயருடையோர் பலர் இருக்கையில் ‘வணிகர் ஸைது’ என்பது போல. புகழவோ இகழவோ வரும். ‘அறிஞர் ஸைது’, ‘அறிவிலி ஸைது’ என்பன போல. வலியுறுத்த வரும், ‘நேற்று’ என்னும் சொல்லோடு ‘கழிந்துபோன’ என்று சேர்ப்பது போல. நேற்று என்றாலே அது கழிந்துபோனதுதான். இரக்கத்தை வேண்டுவதையும் நஹ்வு நூலார் இவற்றோடு சேர்ப்பர்.

இவற்றுள் பிரித்துக் காட்டுவது ஒன்றே இனமுள்ள அடை. ஏனைய யாவும் இனம் சுட்டாதவை. புகழ்ச்சிக்காக வரும் அடை எப்போது புகழ்ச்சியாகும் என்பதற்குத் தஃப்தாஸானீ ஒரு வரையறை தருகிறார்: அடைமொழியைச் சொல்லும் முன்பே அந்தப் பெயருக்கு உரியவர் இன்னார் என்பது கேட்போருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிடில் அதே சொல் பகுக்கும் அடையாகிவிடும். ஆகவே ஒரு சொல் புகழ்கிறதா, பகுக்கிறதா என்பதைச் சொல்லை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. கேட்போர் முன்னரே அறிந்திருப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

திருக்குர்ஆனில் இனம் சுட்டாத அடைகள் நிறைந்துள்ளன. ஓதத் தொடங்கும்போது நாம் பாதுகாவல் தேடும் ஷைத்தானுக்கு ‘ரஜீம்’ என்னும் அடை சேர்கிறது. விரட்டப்படாத ஷைத்தான் என எவனும் இல்லை. அடுத்து வரும் ‘பிஸ்மி’யில் ரஹ்மான், ரஹீம் என்னும் இரண்டும் புகழ்ச்சி அடைகள். இவ்விரு சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்து, மிகுதியைத் தம் சொல்வடிவத்திலேயே கொண்டிருப்பவை. தமிழில் அவ்வடிவம் இல்லாததால், மொழிபெயர்ப்போர் ‘அளவற்ற’, ‘நிகரற்ற’ என்று அடைக்கு மேல் அடை சேர்க்க நேர்ந்தது. அது பிழையன்று, வேறு வழி இல்லை.

பறவையைப் பற்றிய வசனம் இன்னும் நுண்ணியது. பூமியில் ஊர்வனவும், தம் இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்துடைய வசனத்தில் (6:38), பறவை என்று கூறிய பின் ‘இரு சிறகுகளால் பறக்கும்’ என்பது எதற்கு? ‘கஷ்ஷாஃப்’ ஆசிரியர் ஸமக்ஷரீ (மறைவு ஹி. 538 / கி.பி. 1144) இதனை முழுமையையும் பொதுமையையும் மிகுவிக்க வந்த அடை என்கிறார். ஒரு பறவைகூட விடுபடவில்லை என்பதை அது உணர்த்துகிறது. விரைந்து ஓடுவதையும் ‘பறத்தல்’ என்று உருவகமாகச் சொல்லும் வழக்கு அரபியிலும் உண்டு. நம் தமிழிலும் உண்டு. ‘இரு சிறகுகளால்’ என்றதும் அந்த உருவகத்திற்கு இடமில்லாமல் போகிறது.

‘இரண்டு கடவுளரை ஏற்படுத்திக்கொள்ளாதீர்கள்’ என்னும் வசனத்தில் (16:51), ‘இலாஹைனி’ என்ற இருமைச் சொல்லே இரண்டைக் குறித்துவிடும். அதன்பின் ‘இஸ்னைனி’, அதாவது ‘இரண்டு’, என்று தனியே ஏன் வருகிறது? தொடர்ந்து ‘இலாஹுன்’ என்ற ஒருமைச் சொல்லோடு ‘வாஹிதுன்’, அதாவது ‘ஒருவன்’, என்று ஏன் சேர்கிறது? ஸமக்ஷரீயின் விளக்கம் இவ்விடத்தில் மிக அழகியது. ஒருமைப் பெயரும் இருமைப் பெயரும் தமக்குள் இரு செய்திகளைச் சுமந்திருக்கின்றன: ஒன்று இனம், மற்றொன்று எண்ணிக்கை. பேச்சின் குறி அவற்றுள் எது என்பதைப் பெயர் மட்டும் காட்டாது. எண்ணைத் தனியே சொன்னால்தான் எண்ணிக்கையே இங்குக் கருத்து என்பது விளங்கும். ‘அவன் கடவுளே’ என்று மட்டும் கூறினால், கடவுள்தன்மையை நிலைநாட்டுகிறார் என்று தோன்றும். ஒருமையை நிலைநாட்டுகிறார் என்று தோன்றாது. கூறியது கூறல் எனத் தோன்றும் ஒரு சொல்லின் மீது தவ்ஹீதின் உயிர்நிலை நிற்கிறது.

இனி மொழிபெயர்ப்பிற்கு வருவோம். தவ்ராத் அருளப்பட்டதையும், நபிமார்கள் அதனைக் கொண்டு தீர்ப்பளித்ததையும் கூறும் வசனத்தில் (5:44), நபிமார்கள் என்னும் சொல்லுக்குப் பின் ‘அல்லதீன அஸ்லமூ’ என்று வருகிறது. இதனைத் தமிழில் ‘இறைவனுக்கு அடிபணிந்த நபிமார்கள்’ என்று பெயர்த்தால் இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் தமிழ் வாசகர் ஒருவர் ‘அடிபணியாத நபிமார்களும் இருந்தனரோ?’ என்று ஒரு கணம் தயங்குவார். ஸமக்ஷரீ இங்கும் முன்னெச்சரிக்கையாக, இது பிரித்துக் காட்ட வந்த அடையன்று, புகழ்ச்சியாக வந்தது, இறைவனுக்குக் கூறப்படும் பண்புகளைப் போன்றது என்று எழுதுகிறார். அரபியில் அடை பின்னே வருவதால், பெயர் முதலில் காதில் விழுந்து முழுமையடைகிறது. அதன்பின் புகழ் வந்து சேர்கிறது. தமிழில் பெயரெச்சம் முன்னே வருவதால், பெயர் வந்து சேரும் முன்பே பகுப்பு நிகழ்ந்துவிடுகிறது. இத்தகைய இடங்களில் தொடரை இரண்டாகப் பிரித்து, ‘நபிமார்கள் தீர்ப்பளித்து வந்தார்கள், அவர்கள் இறைவனுக்கு அடிபணிந்தவர்கள்’ என்று அமைப்பதே தகும் என்பது என் கருத்து. மூலத்தின் ஓட்டம் சற்றுக் குறையும். பொருள் கெடாது.

இது வெறும் மொழிநடைச் சிக்கல் என்று எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் விருந்தில் என் அருகில் அமர்ந்திருந்த வணிகர் ஒருவர் அந்த எண்ணத்தை மாற்றினார். “ஹஜ்ரத், இரட்டிப்பாகப் பெருகும் வட்டியைத்தானே குர்ஆன் உண்ண வேண்டாம் என்கிறது? நூற்றுக்கு எட்டோ ஒன்பதோ எப்படி இரட்டிப்பாகும்?” என்றார். குதர்க்கமாகக் கேட்கவில்லை. கைப்பேசியில் மொழிபெயர்ப்பைத் திறந்து அந்த அடைமொழியை விரலால் சுட்டிக் காட்டினார். அவர் கையில் இருந்த தமிழ்த் தொடரை மட்டும் பார்த்தால் அவருடைய வினா நியாயமானதே.

அவர் காட்டியது ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 130ஆம் வசனம். அங்கு ‘ரிபா’ என்னும் சொல்லுக்குப் பின் ‘அள்ஆஃபன் முளாஅஃபா’ என்று வருகிறது. இலக்கணப்படி முதற்சொல் ‘ஹால்’, அதாவது நிலையைக் காட்டும் சொல். இரண்டாவது அதன் அடை. இரண்டும் சேர்ந்து ரிபாவின் தோற்றத்தை வருணிக்கின்றன. இவ்வருணனை ரிபாவை இரு வகையாகப் பகுக்கிறதா? பகுக்கிறது என்றால் பன்மடங்காகப் பெருகாத வட்டி தடைக்கு வெளியே நிற்கும். பகுக்கவில்லை என்றால் எல்லா வட்டியும் தடைக்குள் வரும். ஒரு சமுதாயத்தின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் ஒரு சொல்லின் தொழிலைப் பொறுத்து நிற்கிறது. இவ்வசனத்தின் அடைமொழியைப் பற்றிக்கொண்டு பிந்திய காலத்தில் சிலர் வட்டிக்கு வாயில் திறக்க முயன்றதும் உண்டு.

விளக்கவுரையாளர்கள் தரும் பின்னணி இது. அறியாமைக் காலத்தில் கடனின் தவணை வந்ததும், கடன் கொடுத்தவர் ‘செலுத்துகிறாயா, கூட்டுகிறாயா?’ என்று கேட்பார். செலுத்த இயலாதவர் தொகையைக் கூட்டித் தவணையை நீட்டிக்கொள்வார். அடுத்த தவணையிலும் அதுவே நிகழும். சில ஆண்டுகளில் சிறு கடன் பன்மடங்காகிக் கடனாளியின் உடைமை முழுவதையும் விழுங்கிவிடும். அடைமொழி வருணிப்பது இந்தக் கண்கூடான கொடுமையை. அதன் பணி இகழ்தலும் அருவருப்பை உண்டாக்குதலும் ஆகும். வட்டியில் இனம் பிரிப்பதன்று. அல்பகரா அத்தியாயத்தின் வசனங்கள் (2:275–279) இதற்கு ஐயமற்ற சான்று. எஞ்சியுள்ள வட்டியை விட்டுவிடுமாறும், பாவமன்னிப்புக் கோரினால் முதல் மட்டுமே உரியது என்றும் அவை கூறுகின்றன. முதல் மட்டுமே உரியது என்றால், அதற்கு மேல் வரும் ஒரு காசுக்கும் இடமில்லை. அங்கே எந்த அடையும் இல்லை.

நான் அந்த வணிகருக்கு நம் மாநிலத்துச் சட்டம் ஒன்றை ஒப்புமையாகக் காட்டினேன். 2003இல் தமிழ்நாட்டில் அளவு மீறிய வட்டியைத் தடைசெய்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றை அது பெயர் சொல்லித் தடுக்கிறது. அங்கு ‘அளவு மீறிய’ என்பது இனமுள்ள அடை. அளவுக்கு உட்பட்ட வட்டியைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருப்பதால் அந்த அடை பகுத்தே தீரவேண்டும். பகுக்காவிட்டால் சட்டத்திற்குப் பொருளில்லை. வசனத்தில் உள்ள அடையோ, ‘உயிரைக் குடிக்கும் நஞ்சை உண்ணாதே’ என்று தாய் பிள்ளையிடம் சொல்வது போன்றது. உயிரைக் குடிக்காத நஞ்சை உண்ணலாம் என்று அப்பிள்ளை பொருள் கொள்ளமாட்டான். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் எந்த அடை எப்படிப்பட்டது என்று எங்களைப் போன்றவர்கள் எவ்வாறு அறிவது?” என்று கேட்டார். பந்தியில் அதற்கு விடை சொல்ல நேரம் போதவில்லை.

விடை உஸூலுல் ஃபிக்ஹ் நூல்களில் உள்ளது. ஓர் அடைமொழியைக் கேட்டதும் அது இல்லாத இடத்தில் சட்டமும் இல்லை என்று கொள்வதை ‘மஃப்ஹூமுல் முகாலஃபா’, அதாவது எதிர்மறைக் குறிப்பு, என்பர். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இதனை ஒரு சான்றாக ஏற்கின்றனர். ஹனஃபீ மத்ஹபினர் ஏற்பதில்லை. சொல்லப்பட்டதற்குத்தான் வசனம் சான்று, சொல்லப்படாததைப் பற்றி அது மௌனமாக இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளும் மிகுதியாக வாழும் நம் நாட்டில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

ஆட்டின் ஸகாத்தைப் பாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பியதாக புகாரீயில் பதிவாகியுள்ள கடிதத்தில், நாற்பது முதல் நூற்றிருபது வரையிலான ஆடுகளுக்கு ஓர் ஆடு என்னும் விதியில் ‘ஸாயிமா’ என்ற சொல் இடம்பெறுகிறது. மேய்ச்சல் நிலத்தில் தாமே மேய்ந்து வளர்வன என்பது அதன் பொருள். இது பகுக்கும் அடை என்றனர் ஷாஃபிஈகள். ஆகவே தீனி வாங்கிப் போட்டு வளர்க்கும் ஆட்டுக்கு ஸகாத் இல்லை. ஹனஃபீகளும் அதே முடிவிற்கு வந்தனர், வேறு வழியாக: கடமை இல்லாமை என்பதே இயல்பு நிலை, அதை மாற்றச் சான்று வேண்டும் என்று. மாலிகீகளோ அது அரபு நாட்டு ஆடுகளின் வழக்கமான நிலையை வருணித்த சொல் மட்டுமே என்று கொண்டு, தீனி போட்டு வளர்ப்பனவற்றிற்கும் ஸகாத் உண்டு என்றனர். ஒரு சொல்லை மூவர் மூவகையாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஷாஃபிஈகள் எதிர்மறைக் குறிப்பை ஏற்றாலும் அதனை எங்கும் பாய விடவில்லை. தாஜுத்தீன் ஸுப்கீ (மறைவு ஹி. 771 / கி.பி. 1370) ‘ஜம்உல் ஜவாமிஃ’ நூலில் அதற்கு நிபந்தனைகள் விதிக்கிறார். அவற்றுள் தலையாயது, அடைமொழி வழக்கத்தில் மிகுதியாகக் காணப்படும் நிலையைச் சொல்வதற்காக வந்திருக்கலாகாது என்பது. மணமுடிக்கத் தடை செய்யப்பட்ட பெண்களின் பட்டியலில் மனைவியின் முன்கணவருக்குப் பிறந்த மகளைச் சொல்லும்போது ‘உங்கள் பராமரிப்பில் உள்ள’ என்று வருகிறது (4:23). அவ்வடை பகுப்பதாயின், வேறு வீட்டில் வளர்ந்த மகளை மணக்கலாம் என்றாகும். ளாஹிரீகள் அவ்வாறே கொண்டனர். நான்கு மத்ஹபுகளும் அதனை ஏற்கவில்லை. தாயோடு மகளும் வந்து அதே வீட்டில் வளர்வதே பெரும்பாலான நடப்பு. வசனம் அந்நடப்பைச் சொன்னது. அதோடு, தன் மடியில் வளர்ந்த பிள்ளை என்று நினைவூட்டி நெஞ்சை உறுத்தவும் செய்தது. தொடர்ந்து, தாயோடு கூடவில்லையாயின் குற்றமில்லை என்று விலக்கு கூறும் வசனம், பராமரிப்பில் இல்லையாயின் குற்றமில்லை என்று கூறவில்லை என்பதையும் அறிஞர்கள் சுட்டுவர். அடை பகுக்கிறதா என ஐயம் எழும்போது, பின்வரும் தொடர் எதனை விலக்குகிறது என்று பார்ப்பது எவர்க்கும் இயன்ற வழி.

ரிபா வசனத்தின் வருணனையும் இந்த நிபந்தனையின் கீழேயே வரும். ஆகவேதான் எதிர்மறைக் குறிப்பை ஏற்போரும் ஏற்காதோரும் வட்டியில் ஒரே முடிவில் நிற்கின்றனர்.

மேடைப் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மஹல்லா விழாக்களில் ‘சங்கைமிகு’, ‘கண்ணியத்திற்குரிய’, ‘பேரன்பிற்குரிய’ என்னும் அடைகள் மேடையில் வீற்றிருக்கும் அனைவருக்கும் ஒரே அளவில் வழங்கப்படுகின்றன. தலைவருக்குச் சூட்டிய அடை குறைந்துவிடக் கூடாதே என்று செயலாளருக்கும், செயலாளர் வருந்தக் கூடாதே என்று நன்றி கூறுபவருக்கும் அதுவே சூட்டப்படுகிறது. இவை பகுக்கும் அடைகளும் அல்ல, புகழும் அடைகளும் அல்ல. இருக்கையைத் துடைத்துப் போடுவது போன்ற ஒரு வினை. அதனால் பெருங்கேடு இல்லை, நேரம்தான் போகிறது. கேடு விளையும் இடம் வேறு. கேட்போர் அறியாத ஒருவரை ‘நேர்மையான வணிகர்’ என்று அறிமுகம் செய்யும்போது, தஃப்தாஸானீ கூறிய வரையறைப்படி அது புகழ்ச்சியாக நில்லாமல் பகுப்பாக மாறுகிறது. கூட்டத்தில் உள்ள மற்ற வணிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். அறிமுகம் செய்தவர் அதனை எண்ணியே பார்த்திருக்கமாட்டார்.

முகத்துக்கு நேரே புகழ்வதை நபி (ஸல்) அவர்கள் தோழரின் கழுத்தை அறுப்பதற்கு ஒப்பிட்டுக் கண்டித்தார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆனால் அந்த ஹதீஸின் பிற்பகுதி, புகழ்வதை அடியோடு விலக்கவில்லை. புகழ்ந்தே தீரவேண்டுமாயின், ‘இவரை இன்னவாறு கருதுகிறேன்’ என்று கூறிக் கணக்கை அல்லாஹ்விடம் விடுமாறு கற்பிக்கிறது. அணியியல் நோக்கில் பார்த்தால், அது அடைமொழியைப் பெயரிலிருந்து பிரித்து எடுத்து, சொல்பவரின் கருத்தாக நிறுத்தும் முறை. ‘நேர்மையான ஸைது’ என்பதற்கும் ‘ஸைது நேர்மையானவர் என்று எண்ணுகிறேன்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. முன்னதில் நேர்மை ஐயத்திற்கு இடமின்றிப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. மறுப்பவர் பெயரையே மறுக்க வேண்டியிருக்கும். பின்னதில் மறுக்க இடமுண்டு. விளம்பரம் எழுதுவோரும் அரசியல் பேசுவோரும் முன்னதையே ஏன் விரும்புகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

அரபியில் மட்டும் உள்ள ஒரு முறையை இறுதியாகக் குறிப்பிட வேண்டும். அடைமொழி தன் பெயரின் வேற்றுமையைப் பின்பற்றியே வரும் என்று முன்னர்க் கூறினேன். புகழவோ இகழவோ விரும்பும்போது, வேண்டுமென்றே அதனைப் பின்பற்றாமல் அறுத்துவிடலாம். இதற்குக் ‘கத்உ’, அதாவது துண்டித்தல், என்று பெயர். ‘புகழ்கிறேன்’ அல்லது ‘இகழ்கிறேன்’ என்னும் வினை மறைந்து நிற்பதாகக் கொண்டு, அடைமொழிக்கு ‘நஸ்பு’ எனும் வேற்றுமை தரப்படும். ஸீபவைஹி (ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டு) தம் ‘கிதாப்’ நூலில் மேன்மைக்காகவும் புகழ்ச்சிக்காகவும் நஸ்பு பெறுவனவற்றிற்குத் தனியே ஒரு பாடம் வகுத்து, இகழ்ச்சியையும் அதன் வழியிலேயே விளக்குகிறார். அந்நிஸா அத்தியாயத்தில் (4:162) நல்லோரின் பண்புகள் ரஃபு வேற்றுமையில் வரிசையாக வந்துகொண்டிருக்கையில் தொழுகையை நிலைநிறுத்துவோரைக் குறிக்கும் சொல் மட்டும் ‘முகீமீன’ என்று நஸ்பில் வருவதை அவர் புகழ்ச்சிக்கான நஸ்பாகவே விளக்கினார். மொழிப்பிழையோ என்று மயங்கியவர்களுக்கு அது விடையாயிற்று. அடைகள் பல தொடரும்போது அவற்றின் வேற்றுமையை மாற்றுவது சிறந்தது என்பது அபூ அலீ ஃபாரிஸீயின் (மறைவு ஹி. 377 / கி.பி. 987) கருத்து. ஒரே தாளத்தில் ஓடிய ஓசை திடீரென மாறும்போது, உறங்கும் செவியும் விழித்துக்கொள்கிறது.

இலக்கணம் இடம் தருகிறது என்பதற்காக ஓதுதலில் எவரும் தாமாக வேற்றுமையை மாற்றலாகாது. ‘பிஸ்மி’யின் இரு அடைகளையும் அவ்வாறு துண்டிக்க இலக்கணத்தில் இடமுண்டு, ஆயினும் அறிவிப்பாக வந்த ஓதல்முறைகள் அனைத்தும் அவற்றைப் பெயரோடு பிணைத்தே ஓதுகின்றன. மஸத் அத்தியாயத்தின் நிலை வேறு. அபூலஹபின் மனைவியைக் குறித்து வரும் ‘விறகு சுமப்பவள்’ என்னும் சொல்லைப் பெரும்பாலான காரிகள் ‘ஹம்மாலதுல்’ என்று பேஷ் வைத்து ஓதுகின்றனர். கூஃபாவின் இமாம் ஆஸிம் (ரஹ்) அவர்கள் மட்டும் ‘ஹம்மாலதல்’ என்று ஸபர் வைத்து ஓதினார்கள். அவருடைய ஓதலை ஹஃப்ஸ் அறிவித்தபடியே நாம் ஓதுகிறோம். எனவே நம் ஊர் மக்தபில் காலையில் ராகமிட்டு ஓதும் ஆறு வயதுக் குழந்தையும் தான் அறியாமலே இகழ்ச்சிக்கான அந்தத் துண்டித்தலைச் செய்துவிடுகிறது. தீமைக்கு விறகிட்டவள் மீது வந்து விழும் கடுமை முழுவதும் அந்த ஒரு ஸபரில் இருக்கிறது.

தமிழில் இதனை எப்படிக் கொண்டுவருவது? ‘விறகு சுமக்கும் அவன் மனைவி’ என்றால், விறகு சுமக்காத வேறொரு மனைவியும் உண்டோ என்னும் பழைய ஐயம் மீண்டும் வந்து நிற்கும். ‘விறகு சுமப்பவளாகிய’ என்பதில் பகுப்பு நீங்குகிறது. ஆனால் இகழ்ச்சி இல்லை, அலுவலகக் குறிப்புப் போல இருக்கிறது. ஒருமுறை வகுப்பில் இதனை மாணவர்களிடம் விட்டேன். கடைசி வரிசையில் இருந்த ஒருவர், எழுதிக் காட்டத் தயங்கி வாயால் சொன்னார்: “அவன் பெண்டாட்டியும்தான்... அந்த விறகு சுமக்கிறவள்!” வகுப்பு சிரித்தது. அச்சில் ஏற்ற இயலாத நடைதான். ஆனால் இடையில் அவர் விட்ட அந்த இடைவெளியில் ஆஸிமின் ஸபர் கேட்டது.